பாதி வரிக்கு எத்தனை இடைவெளி?

சி நிரல்மொழியில் எழுதும்போது ஓர் அடைப்புக்குறியைத் திறந்து என்டர் தட்டினால், கர்சர் வரியின் விளிம்பில் நிற்பதில்லை. பெரும்பாலும் நான்கு இடம் தள்ளி நிற்கிறது. மூடும் குறியை இட்டதும் அந்த வரி தானே பின்னுக்கு வந்துவிடுகிறது. இதுதான் இன்டென்டேஷன், தமிழில் உள்தள்ளல். எந்த வரி எதற்குள் அடங்கியது என்பதைக் கண்ணுக்குக் காட்டும் ஏற்பாடு.

நிரலைக் கணினிக்கு ஏற்ப மொழிபெயர்க்கும் கம்பைலரிடம் போவது எழுதி முடித்த நிரல். பிழை இருந்தால் அது திருப்பி அனுப்பிவிடும். நிரலை எழுத உதவும் எடிட்டருக்கு அந்த வசதி இல்லை. மூடாத அடைப்பும் முடியாத மேற்கோளுமாகப் பாதியில் கிடப்பதைப் பார்த்தே, விரல் எடுப்பதற்குள் அது பதில் சொல்லியாக வேண்டும்.

மேல்வரியில் எத்தனை இடமோ அத்தனை விடுவது எளிய வழி. விம் எடிட்டரின் 'ஆட்டோஇன்டென்ட்' அவ்வளவுதான் செய்யும். ஈமாக்ஸ் என்ற எடிட்டர் இன்னும் மெனக்கெடும்: பின்னோக்கி நடந்து, எந்த அடைப்பு திறந்தே கிடக்கிறது என்று தேடும். வழியில் கண்ட குறி உண்மையான அடைப்பா, மேற்கோளுக்குள் இருக்கும் வெறும் எழுத்தா? உறுதியாக அறியக் கோப்பைத் தொடக்கத்திலிருந்து படிக்க வேண்டும். 1980களின் கணினிக்கு அது பெரும் சுமை. அதனால் ஒரு குறுக்குவழி வைத்தார்கள்: வரியின் முதல் இடத்திலேயே அடைப்பு திறந்தால், அங்கே ஒரு ஃபங்ஷன் தொடங்குகிறது என்று நம்பிவிடுவது. விளக்கக் குறிப்புக்குள் அப்படியொரு வரி வந்தால் எடிட்டர் ஏமாந்துபோனதுண்டு. லிஸ்ப் மொழியில் எழுதுபவர்கள் அந்தக் குறிக்கு முன்னால் ஒரு பின்சாய்கோடு போடப் பழகிக்கொண்டார்கள்!

பைத்தானில் உள்தள்ளலே இலக்கணம். கோலனில் வரி முடிந்தால் உள்ளே, ரிட்டர்ன் வந்தால் வெளியே. மற்றபடி அடுத்த வரி லூப்புக்குள் போகிறதா, வெளியே வருகிறதா என்பது எழுதுபவர் மனத்தில்தான் இருக்கிறது. டேப் விசையைத் தட்டத் தட்ட, பொருந்தக்கூடிய இடங்களை ஈமாக்ஸ் ஒவ்வொன்றாகக் காட்டும். தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாத இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது.

பின்னோக்கித் தேடுவதற்கு மாற்றும் உண்டு. மேக்ஸ் பிரன்ஸ்ஃபெல்ட் உருவாக்கிய ட்ரீ-சிட்டர் என்ற மென்பொருள், நிரலை இலக்கண மரமாக்கி, திருத்திய பகுதியை மட்டும் மறுபடி அலசுகிறது. பிழைகளுக்கு நடுவிலும் மரத்தைக் கட்டிவிடுகிறது. 2023இல் வந்த ஈமாக்ஸ் 29 இதைச் சேர்த்துக்கொண்டது.

உள்தள்ளல் பிழை தேடவும் உதவும். சி நிரல் ஒன்றில் மூடும் அடைப்பு ஒன்றை அழித்துவிட்டு, கோப்பு முழுவதையும் சீரமைக்க எடிட்டரிடம் சொல்லுங்கள். அதற்குக் கீழே உள்ளவை வலப்புறம் ஒரு படி நகர்ந்து நிற்கும். விடுபட்ட அடைப்பைத் தேடுபவர்கள் வேண்டுமென்றே சீரமைத்துப் பார்த்து, நகர்வு எங்கே தொடங்குகிறது என்று கவனிப்பதுண்டு.