கேரவனை ஏத்திடலாம், இறக்கணுமே!

பிள்ளைகளோட ஸ்கூல் குரூப்ல ஒரு தோழி கேட்டாங்க: "செகண்ட் ஹேண்ட் கேரவன் ஒண்ணு நல்ல விலைக்கு வருது. எங்க வண்டி இழுக்குமா?" அஞ்சு நிமிஷத்துல வரிசையா பதில். எல்லாம் ஒரே ராகம்: "வி8 தானே, மலையையே இழுக்கும்!"

இழுக்கும்தான். வளைகுடாவில் நாம் ஓட்டுகிற பெரிய வண்டிகளுக்கு அந்த சக்தி இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் விற்கிற லேண்ட் குரூசர், பேட்ரோல் ரெண்டுக்குமே, பிரேக் உள்ள டிரெய்லர் என்றால் 3,500 கிலோ வரை அனுமதி. பிரேக் இல்லாத டிரெய்லருக்கு வெறும் 750 கிலோ. இந்த வித்தியாசத்தை யோசித்துப் பாருங்கள். எஞ்சின் ஒன்றுதான், மாறுவது நிறுத்துகிற சக்தி. (நம்ம ஊர் வண்டிக்கு நம்ம ஊர் கையேட்டில் என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு. யூடியூபில் பார்த்த எண் செல்லாது.)

அடுத்தது, யாருமே பார்க்காத ஒரு ஸ்டிக்கர். டிரைவர் கதவைத் திறந்தால் பக்கத்துத் தூணில் இருக்கும். பல வண்டிகளில் மொத்த எடை வரம்பு அதில்தான் இருக்கிறது. ஒரு உதாரணம் சொல்றேன். வண்டி 650 கிலோ சுமக்கலாம்னு வைங்க. நாம ரெண்டு பேர், பாட்டி, பிள்ளைங்க ரெண்டு பேர்: 330 கிலோ. பெட்டி, கூலர், அரிசி, குக்கர், தண்ணி கேன் எல்லாம் 120. மீதி 200. இப்போ கேரவன் வருது. விற்பவர் சொல்வது காலி எடை, 1,500 கிலோ. தண்ணி டேங்க், கேஸ் சிலிண்டர், மெத்தை, பாத்திரம் ஏறினதும் 1,900 ஆகிவிடும். அதில் பத்தில் ஒரு பங்காவது கொக்கியில் அழுத்தணும், அதாவது 190 கிலோ. அழுத்தம் ரொம்பக் குறைந்தால் கேரவன் பின்னால் வாலாட்ட ஆரம்பிக்கும். அந்த 190-ஐயும் சுமப்பது கார்தான். மிச்சம் பத்து கிலோ. கூரை மேல ஒரு கூடாரம் கட்டினால் கணக்கு உதைக்குது. அதனால் வாங்குவதற்கு முன்னால் சாமான், ஆட்களோடு எடை மேடையில் ஏற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

உயரம் ஏற ஏற காற்று மெலியும். டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு பலம் இழக்கும். ஜெபல் ஜெய்ஸ் ஏறும்போது மெதுவாகப் போவீங்க, ஏசி கொஞ்சம் திணறும், டெம்பரேச்சர் முள் மேலே போகும். அவ்வளவுதான். ஓரமா நிறுத்தி ஆற விட்டுப் போயிடலாம்.

இறக்கத்தில் அப்படி முடியாது. கோடை லீவில் நம்ம குடும்பங்கள் கிளம்புகிற சலாலாவையே எடுத்துக்கோங்க. துபாயிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். பெரும்பகுதி ஒரே சமதளப் பாலைவனம், க்ரூஸ் கன்ட்ரோல்ல கால் மரத்துப் போகும். தும்ரைத் தாண்டினதும் கரா மலை. சாரல் காலத்தில் அங்கே பனிமூட்டம், ஈர ரோடு, அதிலேயே கடற்கரைச் சமவெளிக்கு இறக்கம். கார், கேரவன், ஆட்கள் எல்லாம் சேர்ந்து நாலரை டன் 800 மீட்டர் இறங்கினால் வெளிவருகிற சக்தி நூறு லிட்டர் தண்ணீருக்கு மேல் கொதிக்க வைக்கும். அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளாவிட்டால் அத்தனையும் பிரேக்குக்குத்தான் போகும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் சும்மா தரை வரைக்கும் போகும்.

கல்லட்டி நினைவுக்கு வருதா? 36 கொண்டை ஊசி வளைவு. வெளியூர் வண்டிகளை ஏற விடுவாங்க, ஊட்டியிலிருந்து இறங்க விடமாட்டாங்க. ஓமானில் ஜெபல் அக்தர் அடிவாரத்தில், பிர்கத் அல் மௌஸ் பக்கம், போலீஸ் நிறுத்தி நாலு சக்கர இயக்க வண்டிதானா என்று பார்த்துத்தான் மேலே விடுகிறார்கள். என் கருத்து: அந்த மலைக்கு கேரவனே வேண்டாம். கீழே விட்டுட்டு காரில் போய் மாதுளைத் தோட்டம் பார்த்துட்டு வாங்க.

செகண்ட் ஹேண்டில் இன்னொரு விஷயம் கேட்டே ஆகணும்: "கேரவன் பிரேக் என்ன வகை?" அமெரிக்க கேரவன்களில் பெரும்பாலும் எலக்ட்ரிக் பிரேக். அதற்கு டிரைவர் பக்கத்தில் ஒரு கன்ட்ரோலர் வேண்டும். அது இல்லாமல் கொக்கி மாட்டி இழுத்தால், பிரேக் இருந்தும் இல்லாத கேரவன்தான். ஐரோப்பிய கேரவன்களில், கார் வேகம் குறையும்போது கேரவனின் தள்ளலே பிரேக்கைப் பிடிக்கும், கன்ட்ரோலர் தேவையில்லை. விற்கிறவருக்கே எது என்று தெரியாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

சலாலா போறவங்க தும்ரைத் பெட்ரோல் பம்பில் கண்டிப்பா நில்லுங்க. பிள்ளைங்களுக்கு ஜூஸ், நமக்கு ஒரு கரக் சாயா. டயர் காற்று, கொக்கி, சங்கிலி, லைட் வயர் பாருங்க. ஓட்டினவர் களைத்திருந்தால் ஆள் மாத்துங்க. இறக்கம் ஆரம்பிக்கும் முன்னாடியே, பனி தெரியும் முன்னாடியே, கியரை ரெண்டாவதுக்கோ மூணாவதுக்கோ குறைங்க. பிரேக்கை விடாம மிதிக்காதீங்க. அழுத்திப் பிடிச்சு வேகத்தைக் குறைச்சிட்டு விட்டுடுங்க, ஏறினா மறுபடி. பின்னால ஹாரன் அடிக்கிறவர் அடிக்கட்டும், இடம் கிடைக்கும்போது ஒதுங்கி வழி விட்டால் போதும்.