உப்புத் தண்ணிக் குளத்துல குளோரின் இல்லையா?

ஈசிஆர்ல வார இறுதிக்கு வில்லா தேடுறப்போ ‘சால்ட் வாட்டர் பூல், குளோரின் கிடையாது’ன்னு விளம்பரம் பாத்திருப்பீங்க. முதல் பாதி சரி. ரெண்டாவது பாதி தப்பு.

அதே ரோட்டுல புதுச்சேரி நோக்கிப் போனா மரக்காணம், ரெண்டு பக்கமும் உப்பளம். உப்புத் தண்ணியைப் பாத்தி பாத்தியா மாத்தி வெயில்ல வத்த விடுறதுதான் உப்பு எடுக்குற வழி. எவ்வளவு அடர்த்தியாச்சுன்னு ஹைட்ரோமீட்டர் காட்டும். ஏறக்குறைய 25 டிகிரியில உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30ல மிச்சத் தண்ணியை வெளியேத்தணும். இல்லேன்னா மெக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும்.

வீட்டு நீச்சல் குளத்துக்கு அவ்வளவு உப்பு வேண்டாம். கடல்ல லிட்டருக்கு 35 கிராம். குளத்துல 3 கிராம் போதும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம்னா 48,000 லிட்டர். அதுக்கு 144 கிலோ உப்பு. பக்கத்துலதானே உப்பளம், நாலு மூட்டை வாங்கிக் கொட்டிடலாம்னு தோணும். வேண்டாம். சுத்திகரிக்காத உப்புல இருக்குற கால்சியமும் மெக்னீசியமும் மெஷினோட தகட்டுல வெள்ளையாப் படிஞ்சு அடைச்சிரும்.

அந்த மெஷின் என்ன செய்யுது? உப்புத் தண்ணிக்குள்ள கரண்ட் விட்டு குளோரின் தயாரிக்குது. அவ்வளவுதான். வாளியில வர்ற குளோரினும் இதுவும் தண்ணிக்குள்ள போன பிறகு ஒண்ணுதான். அதனால டெஸ்ட் பண்ணாம விட முடியாது. கேரளாவுல 2024ல மூளையைத் தின்னும் அமீபா பத்தி செய்தி வந்துச்சே, அது பிடிச்சது வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத தண்ணி.

முதல்ல பிஎச் பாருங்க, குளோரின் அப்புறம். காரணம் இருக்கு. குளோரின் தண்ணியில ரெண்டு வடிவத்துல நிக்கும். ஒண்ணு கிருமியைச் சட்டுனு கொல்லும், இன்னொண்ணு சோம்பேறி. எது எவ்வளவுங்கிறதை முடிவு பண்றது பிஎச். 7.5ல ஏறக்குறைய பாதிக்குப் பாதி. 8க்கு ஏறினா வேலை செய்யுறது கால்வாசிதான். உப்பு மெஷின் ஓடுற குளத்துல பிஎச் தானா மேல ஏறிக்கிட்டே இருக்கும், இதுதான் தொல்லை. 7.2ல இருந்து 7.8க்குள்ள வைக்கணும், ஏறினா ஆசிட் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தி இறக்கணும்.

குளோரின் 1ல இருந்து 3 பிபிஎம். இதுல கிட் ஏமாத்தும். மஞ்சள் நிறம் காட்டுற மலிவு கிட் மொத்தக் குளோரினைத்தான் சொல்லும், வேலைக்கு மிச்சம் இருக்குறது எவ்வளவுன்னு சொல்லாது. பிங்க் நிறம் வர்ற டிபிடி மாத்திரை வாங்குங்க. அதுலயும் ஒரு வில்லங்கம்: குளோரின் ரொம்ப அதிகமா இருந்தா பிங்க் வெளுத்துப் போய் தண்ணி தெளிவா நிக்கும். ‘ஜீரோ’ன்னு நினைச்சு இன்னும் கொட்டுவோம். சந்தேகமா இருந்தா மாதிரித் தண்ணியோட அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்து மறுபடி பாருங்க, வர்ற எண்ணை ரெண்டால பெருக்குங்க.

நம்ம ஊர் வெயிலும் கணக்குல வரணும். ஸ்டெபிலைசர் போடாத குளத்துல மதியத்துக்குள்ள பெரும்பகுதி குளோரின் காணாமப் போயிரும். 30ல இருந்து 50 பிபிஎம் ஸ்டெபிலைசர் போதும். கூடினா குளோரினோட வேகம் குறையும்.

‘குளோரின் நாத்தம் தூக்குது, அதிகமாப் போட்டுட்டாங்க’ன்னு சொல்வோம்ல? பெரும்பாலும் தலைகீழ். வேர்வையோடயும் சிறுநீரோடயும் சேர்ந்து கெட்டுப்போன குளோரின்தான் அப்படி நாறும், கண்ணை எரிக்கும். இருபது பேர் குளிச்சாட்டம் போட்ட ஞாயித்துக்கிழமை சாயங்காலம் இதைக் கவனிக்கலாம்.

ஒண்ணு மட்டும் விளையாட்டு இல்லை. ஆசிட்டும் குளோரினும் ஒரே வாளியில சேரவே கூடாது. உடனே விஷவாயு கிளம்பும். ரெண்டையும் தனித்தனி இடத்துல வைங்க, அளக்குற மக்கையும் மாத்தாதீங்க. ஆசிட்டைத் தண்ணியில ஊத்தணும், ஆசிட் மேல தண்ணியை ஊத்தக் கூடாது.

வில்லாவுக்குப் போனா, இறங்குறதுக்கு முன்னாடி கேர்டேக்கர் அண்ணன்கிட்ட ‘இன்னைக்கு டெஸ்ட் பண்ணீங்களா, எவ்வளவு வந்துச்சு?’ன்னு கேளுங்க. கிட்டே இல்லைன்னா, கடல் பக்கத்துலதானே இருக்கு. கரையில நின்னு கால் நனைச்சுட்டு வாங்க.