ராத்திரி 12 மணி மருந்தும் 1-0-1 சீட்டும்

போன மழைக்காலத்தில் என் ஐந்து வயதுப் பையனுக்கு முழங்காலில் பட்ட சிராய்ப்பு சீழ் வைத்துவிட்டது. டாக்டர் செஃபலெக்சின் சிரப் எழுதினார். 6 மணி நேரத்துக்கு ஒருமுறை, 7 நாள். காலை 6, பகல் 12, மாலை 6, ராத்திரி 12 என்று நாங்களே நேரம் வகுத்துக்கொண்டோம். என் மனைவிக்கு ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. அந்த வாரம் நைட் ஷிஃப்ட். ராத்திரி 9 மணிக்கு மண்ணூரில் கம்பெனி பஸ் ஏறினால் விடிந்துதான் வருவார். அதனால் 12 மணி மருந்து என் பொறுப்பு.

மூன்றாம் நாள் ராத்திரி திடுக்கென்று கண் விழித்தேன். மணி 2:10. அலாரம் அடித்ததா? நான்தான் நிறுத்தினேனா? மருந்து கொடுத்தேனா, இல்லை கொடுத்த மாதிரி கனவு கண்டேனா? அளவு மூடி ஈரமாக இருந்தது. ஆனால் அது மாலையில் கழுவிய ஈரமாகவும் இருக்கலாம். கேட்கவும் ஆளில்லை. இரண்டு தடவை கொடுப்பதைவிட ஒரு தடவை தவறினால் பரவாயில்லை என்று விட்டுவிட்டேன். ஆனால் அப்புறம் தூக்கம் வரவில்லை.

அந்த ராத்திரி எழுந்த கேள்விதான் இந்தக் கட்டுரை: ஒரு வேளை தவறினால் உடம்புக்குள் என்ன நடக்கும்? தூங்குகிற குழந்தையை எழுப்பித்தான் ஆகணுமா?

நம்ம ஊர் மருந்துச் சீட்டில் 1-0-1, 1-1-1 என்று போடுவார்கள். காலை, மதியம், இரவு. எளிமையான முறைதான். ஆனால் அதில் நடுராத்திரிக்குக் கட்டமே இல்லை. "மூணு வேளை" என்பதும் "8 மணி நேரத்துக்கு ஒருமுறை" என்பதும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் 8, 1, 8 என்று கொடுத்தால் ராத்திரி இடைவெளி 12 மணி நேரம்.

இந்த இடைவெளிக்குப் பின்னால் இருப்பது அரை ஆயுட்காலம் என்ற கணக்கு. ரத்தத்தில் உள்ள மருந்து பாதியாகக் குறைய எடுக்கும் நேரம் அது. சிறுநீரகம் நன்றாக வேலை செய்பவர்களுக்கு செஃபலெக்சினின் அரை ஆயுட்காலம் சுமார் 1 மணி நேரம். 1 மணியில் பாதி, 2 மணியில் கால், இப்படியே போனால் 6 மணி நேரத்தில் 64-ல் 1 பங்கு. 12 மணி நேரம் விட்டால் 4096-ல் 1 பங்கு. கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

பெனிசிலின் இதைவிட மோசம். அரை மணி நேரத்திலேயே பாதியாகிவிடும். அதனால்தான் 1940-களில் நோயாளியை ராத்திரியிலும் எழுப்பி 3 மணி நேரத்துக்கு ஒரு ஊசி போட்டார்கள். 1950-ல் ஹாரி ஈகிள் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் விலங்குகளில் சோதித்து ஒரு விஷயத்தைக் காட்டினார்கள். பெனிசிலினில் உச்ச அளவு எவ்வளவு என்பது பெரிய விஷயமில்லை. கிருமியைக் கொல்லும் அளவுக்கு மேல் மருந்து மொத்தம் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதுதான் முக்கியம். செஃபலெக்சினும் இதே பங்காளி வகைதான்.

அப்படியானால் எல்லா மருந்துக்கும் இடைவெளிதான் முக்கியமா? இல்லை என்று காட்டியது நம்ம சென்னை. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம் (இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்) ஐசோனியாசிட் மாத்திரையை இரண்டு விதமாகக் கொடுத்துப் பார்த்தது. ஏறத்தாழ ஒரே தினசரி அளவு. ஒரு குழுவுக்கு ஒரே வேளையில், இன்னொரு குழுவுக்கு இரண்டாகப் பிரித்து. 1960-ல் வந்த முடிவில் ஒரே வேளைதான் ஜெயித்தது. காசநோய்க் கிருமி ஒன்று இரண்டாகப் பெருக முக்கால் நாளுக்கு மேல் ஆகும். அந்த நிதானமான எதிரிக்கு நாளுக்கு ஒரு பலமான அடி போதும். யாரையும் நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம்.

ஆக, விடை மருந்தைப் பொறுத்தது. காய்ச்சலுக்குக் கொடுக்கும் பாராசிட்டமால் குழந்தையின் அவஸ்தையைக் குறைக்கத்தான். குழந்தை நிம்மதியாகத் தூங்கினால், அதைக் கொடுக்க மட்டும் எழுப்பத் தேவையில்லை.

மறுபக்கம், எழுப்பியே தீர வேண்டிய குழந்தைகளும் உண்டு. கிளைகோஜன் சேமிப்பு நோயின் முதல் வகையில், கல்லீரலால் சர்க்கரையை ரத்தத்தில் விட முடியாது. சில மணி நேரம் வயிறு காலியானாலே சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இதற்கு 1984-ல் வந்த வைத்தியம் என்ன தெரியுமா? கோபி மஞ்சூரியனுக்குப் போடுகிறோமே, அந்த கார்ன்ஃப்ளார் மாவு. அதைச் சமைக்காமல் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கிறார்கள். பச்சை மாவு மெதுவாகச் செரித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சர்க்கரை தரும். வெந்நீரில் கரைத்தால் வெந்து, சீக்கிரம் செரித்து, பயன் போய்விடும். அந்த வீடுகளில் அலாரம் ஒரு வாரத்துக்கு இல்லை, வருஷக்கணக்கில் அடிக்கிறது. நம் ஏழு நாள் அலுப்பு எந்த மூலைக்கு!

மறுநாள் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். புண்ணைப் பார்த்துவிட்டு, "நல்லா ஆறிட்டு வருது. காலைல 6, அப்புறம் 11, சாயந்திரம் நாலரை, ராத்திரி 10. அது போதும், எழுப்ப வேணாம்" என்றார். இது என் பையனுக்கு, அந்தப் புண்ணுக்குச் சொன்னது. உங்கள் குழந்தைக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். நான் செய்த தப்பு, இதை முதல் நாளே கேட்காததுதான்.

நான் கற்றுக்கொண்ட மூன்று விஷயங்கள்:

சீட்டு கையில் வந்ததும், "ராத்திரி எழுப்பிக் கொடுக்கணுமா? ஒரு வேளை தவறினா என்ன செய்யணும்?" என்று கேட்டுவிடுங்கள்.

8 மணி நேர மருந்து என்றால் 6-2-10 என்று வைத்துக்கொள்ளலாம். ஷிஃப்ட் மாறும் அதே நேரங்கள். இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு அலாரமே வேண்டாம், தெருவில் கம்பெனி பஸ் நடமாட்டமே சொல்லிவிடும். ராத்திரித் தூக்கமும் கெடாது.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள், நூலில் கட்டிய ஒரு பேனா. கொடுத்த கையோடு நேரத்தை எழுதிவிடுங்கள். தூக்கக் கலக்கத்தில் நம் ஞாபகத்தை நம்ப முடியாது.

அந்தத் தாள் இன்னும் எங்கள் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. ஷிஃப்ட் முடிந்து வரும் மனைவி செருப்பைக் கழற்றும் முன்னே அதைத்தான் பார்ப்பார். "10 மணி, கொடுத்தாச்சு" என்று இருந்தால், என்னை எழுப்பாமல் போய்ப் படுத்துவிடுவார்.