புரோக்கர் நம்ம ஊர்க்காரர்தானா? மனை வாங்கும் முன் கொஞ்சம் விசாரிங்க!

மதுரை: "நான் இதே ஊர்க்காரன்ணே, தாத்தா காலத்துல இருந்து இங்கதான்!" மதுரையைச் சுற்றி மனை பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பேச்சைக் கேட்காமல் திரும்ப முடியாது. அந்த ஊர்ப்பாசத்தை எந்த அளவுக்கு நம்பலாம்?

முன்பெல்லாம் நிலத்தரகருக்கு டீக்கடை பெஞ்சுதான் ஆபீஸ். மாட்டுத்தரகு பார்த்தவர், நெல் தரகு பார்த்தவர் அப்படியே காடு கரைக்கும் விலை பேசினார். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை முடித்த ஆட்கள் அவர்கள். பஸ் நிலையம் உள்ள மாட்டுத்தாவணிக்குப் பெயர் வந்ததே மாட்டுச் சந்தையால்தான்.

2004 ஜூலையில் உலகனேரியில் ஐகோர்ட்டு கிளை திறந்ததும் ஒத்தக்கடை பக்கம் மவுசு கூடியது. 2019 ஜனவரியில் தோப்பூரில் எய்ம்சுக்கு அடிக்கல் நாட்டியதும் திருமங்கலம் சாலை பக்கம் "எய்ம்ஸ் அருகில்" என்று போர்டுகள் முளைத்தன. செல்போனும் பைக்கும் இருந்தால் போதும், புரோக்கர் ஆகிவிடலாம் என்ற நிலை.

உள்ளூர் ஆளால் லாபம் இல்லாமல் இல்லை. எந்த மனை கண்மாய் உள்வாயில் இருக்கிறது, மழை பெய்தால் தண்ணி எந்தப் பக்கம் வரும், யாருக்கும் யாருக்கும் பங்காளித் தகராறு என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வில்லங்கச் சான்றில் பதிவான பத்திரங்கள்தான் வரும். அண்ணன் தம்பி வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்டது வராது. ஆனால் அதே ஆள் விற்பவருக்கு மச்சானாகவும் இருக்கலாம். அப்போது தெரிந்ததைச் சொல்வாரா? இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவோரும் உண்டு.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லா மனைகளைப் பத்திரம் பதிய சென்னை ஐகோர்ட்டு தடை போட்டபோது பல புரோக்கர்களின் பிழைப்பு படுத்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 20க்கு முன்பு போட்ட மனைப்பிரிவுகளை வரைமுறைப்படுத்த 2017ல் அரசு விதி கொண்டுவந்தது.

2016ல் வந்த ரெரா சட்டப்படி, பதிவு செய்ய வேண்டிய மனைப்பிரிவு, அடுக்குமாடித் திட்டங்களில் விற்றுக்கொடுக்கும் ஏஜெண்டும் பதிவு செய்தே தீர வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட வேண்டும். மீறினால் நாளொன்றுக்கு ரூ.10 ஆயிரம் அபராதம். மனை விலையில் 5 சதவீதம் வரை போகலாம். பதிவு பெற்ற ஏஜெண்டுகள் பட்டியலை ரெரா இணையதளத்திலேயே பார்க்கலாம்.

தனி ஆள் தன் பழைய வீட்டையோ தோட்டத்தையோ விற்கும்போது இந்தப் பதிவு கட்டாயமில்லை. மதுரைப் பக்கம் கிராமங்களில் நடக்கும் வியாபாரம் நிறைய இந்த வகைதான். அங்கேதான் ஆளை நல்லா விசாரிக்கணும். முன்பு அவர் முடித்துக்கொடுத்த இடம் எது, வாங்கியவர் இப்போது அங்கே குடியிருக்கிறாரா, பட்டா மாறிவிட்டதா என்று நேரில் போய் கேட்டாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

"ஓனர் வெளிநாட்டுல, பவர் என்கிட்ட இருக்கு" என்றால் உஷார். பவர் பத்திரத்தை வைத்து மட்டும் சொத்துரிமை கைமாறாது என்று 2011லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்துவிட்டாரா என்று பார்த்த பிறகு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கலாம், அதுவும் ரசீது வாங்கிக்கொண்டு.