நிலத்தின் நிலையைப் படம் பிடிக்க டிஜிட்டல் காமிரா

பாலாற்றுப் பகுதி உழவர்களே! தோல் பதனிடும் ஆலைக் கழிவால் கெட்ட நிலங்களுக்கு இழப்பீடு வழங்க உச்ச நீதிமன்றம் 1996-லும் 2025-லும் பணித்தது. கேடு நேர்ந்ததைக் காட்டப் புகைப்படம் பெரிதும் உதவும்.

முதன்முதலாகக் காமிரா வாங்குவோர் மெகாபிக்சல் கணக்கில் மயங்க வேண்டாம், 12 போதும். 'ஜூம்' உண்டு என்றால், லென்சால் பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூமா என்று கேளுங்கள். டிஜிட்டல் ஜூம் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே, தெளிவு குறையும். மண்ணில் பூத்த உப்பையும் கருகிய இலை நுனியையும் எடுக்க மேக்ரோ வசதி தேவை. கடையிலேயே ஒரு நாணயத்தை மிக அருகில் எடுத்துப் பாருங்கள். எழுத்து தெளிவாக விழ வேண்டும். நல்ல கைப்பேசி இருந்தால் தனிக் காமிராச் செலவு வீண் என்பேன்.

தேதி, நேரத்தைச் சரியாக அமைத்த பின்னரே எடுங்கள். மூலப் படத்தை அழிக்காதீர்கள். 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி, படத்தின் பிரதியை நீதிமன்றத்தில் கொடுக்கும்போது சான்றிதழும் இணைக்க வேண்டும்.