சென்னை மாகாணத்தில் பெண்களின் வாக்குரிமை: மாதர் சங்கங்களின் பங்கு (1917–1927)

முன்னுரை

பிரித்தானிய இந்தியாவின் மாகாணங்களுள் பெண்களுக்கு முதன்முதலில் வாக்குரிமை வழங்கியது சென்னை மாகாணம் ஆகும். 1921 ஏப்ரலில் அதன் சட்டமன்றம் இதற்கான தீர்மானத்தை நிறைவேற்றியது. அம்மன்றத்தில் அன்று பெண் உறுப்பினர் ஒருவரும் இலர். எனினும், அத்தீர்மானத்திற்கு வழிவகுத்தது அதற்கு முந்தைய நான்காண்டுகளில் பெண்கள் மேற்கொண்ட அமைப்புப் பணியே. அப்பணியின் தன்மையையும், அதனால் கிட்டிய உரிமையின் எல்லையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கோரிக்கையின் தோற்றம்

1917 மே மாதத்தில் அடையாற்றில் இந்திய மாதர் சங்கம் தோற்றுவிக்கப்பெற்றது. அன்னி பெசண்ட் அதன் தலைவரானார். அயர்லாந்தின் வாக்குரிமைப் போராட்டத்தில் பங்கேற்ற மார்கரெட் கசின்ஸ், டோரதி ஜினராஜதாசா ஆகியோருடன் அம்மு சுவாமிநாதன் போன்ற உள்ளூர்ப் பெண்களும் இதில் இணைந்து செயற்பட்டனர். இதன் கிளைகள் பெண்களுக்கு எழுத்தறிவும் கைத்தொழிலும் கற்பித்தன. பொதுச் செய்திகளைக் கூடிப் பேசும் களங்களாகவும் விளங்கின.

1917 டிசம்பரில் இந்திய அமைச்சர் மாண்டேகு சென்னைக்கு வந்தபோது, சரோஜினி நாயுடு தலைமையில் பெண்கள் குழு ஒன்று அவரைச் சந்தித்தது. பெண்கல்வி குறித்தே முதலில் முறையிட எண்ணியிருந்தனர். அரசியல் கோரிக்கைகள் மட்டுமே ஏற்கப்படும் என அறிவிக்கப்பட்டதால், ஆண்களுக்குரிய அதே தகுதிகளின்படி பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்னும் கோரிக்கை முன்வைக்கப்பட்டது.

மறுப்பும் வெற்றியும்

வாக்குரிமை பற்றி ஆராய்ந்த சவுத்பரோ குழு, இந்தியச் சமூகச் சூழலைக் காரணம் காட்டி இக்கோரிக்கையை ஏற்க மறுத்தது. 1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டமும் நேரடியாக உரிமை வழங்கவில்லை. பாலினத் தடையை நீக்கும் அதிகாரத்தை மாகாணச் சட்டமன்றங்களிடம் விட்டது. பொறுப்பைத் தட்டிக்கழித்ததாகத் தோன்றும் இம்முடிவு, போராட்டத்தை உள்ளூர்க் களத்திற்குக் கொண்டுவந்தது. மாதர் சங்கத்தின் தலைமையிடம் சென்னையிலேயே இருந்தமை இங்குக் கருதத்தக்கது.

உரிமையின் எல்லை

1921இல் நீங்கியது பாலினத் தடை மட்டுமே. சொத்துத் தகுதி நீடித்தது. குடும்பச் சொத்து பெரும்பாலும் ஆண்களின் பெயரில் இருந்தமையால், மிகச் சிலரே வாக்காளராயினர். நிலமற்ற உழைக்கும் பெண்கள் முற்றிலும் விடுபட்டனர். 'அதே தகுதிகள்' என்னும் கோரிக்கை விரைவில் வெல்ல உதவியது. அதுவே வெற்றியின் எல்லையாகவும் அமைந்தது.

தேர்தலில் போட்டியிடும் உரிமை 1926இல் கிட்டியது. அவ்வாண்டு மங்களூரில் போட்டியிட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் சிறு வேறுபாட்டில் தோல்வியுற்றார். நியமன உறுப்பினராகச் சட்டமன்றம் புகுந்த மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, 1927இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்றார். கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்திற்கு எதிரான தீர்மானத்தை அவர் அவ்வாண்டே கொண்டுவந்தார்.

முடிவுரை

சென்னையில் பெண்கள் பெற்ற வாக்குரிமை, அமைப்பாகத் திரண்ட முயற்சியின் விளைவே அன்றிக் கொடையன்று. எனினும், சொத்தற்ற பெண்ணுக்கும் அவ்வுரிமை கிட்டுவதற்கு 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அச்சட்டத்தை வகுத்த அரசியல் நிர்ணய சபையில் அம்மு சுவாமிநாதனும் உறுப்பினராக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.