கடலுக்குள் பனி பெய்வது எப்படி?

கடலின் மேல்நீரில் வாழும் டயாட்டம் எனும் நுண்பாசிகள், தாங்கள் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கை வெளியே கசியவிடுகின்றன. ஏன்? நைட்ரஜனும் பாஸ்பரஸும் தீர்ந்தால் செல் பெருக முடியாது, வெயிலோ குறைவதில்லை. மிஞ்சும் சர்க்கரை வெளியேறுகிறது. அந்தச் சர்க்கரைச் சங்கிலிகள் பின்னிக்கொண்டு, ஒளி ஊடுருவும் பசைத்துணுக்குகளாகின்றன. 1993-இல் கடலியல் ஆய்வாளர் ஆலிஸ் ஆல்டிரெட்ஜ் குழுவினர் ஆல்சியன் நீலச் சாயமிட்டுத்தான் அவற்றைக் கண்ணுக்குக் காட்டினர். செத்த செல்களும் கழிவும் இவற்றில் ஒட்டி, அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் அதுவே ‘கடற்பனி’.

உடனே பாக்டீரியாக்கள் குடியேறுகின்றன. வாயில்லாத அவை, நொதிகளைச் சுரந்து துணுக்கைக் கரைத்துத்தான் உறிஞ்ச வேண்டும். கரைந்ததில் கணிசமான பங்கு சுற்றுநீரில் கலந்து, தனியே திரியும் பாக்டீரியாக்களுக்கு இரையாகிறது. எனக்கு இதுதான் பெரிய வியப்பு! துணுக்கு கரைவது வேகமா, மூழ்குவது வேகமா என்பதைப் பொறுத்தே அதிலுள்ள கார்பன் ஆழத்துக்குப் போகும். பெரும்பகுதி முதல் ஆயிரம் மீட்டருக்குள் மீண்டும் கரியமில வாயுவாகிவிடுகிறது. கடலடியைத் தொடுவது மிகச் சிறு பங்கே.